‘வெண்ணிற இரவுகள்’: நட்பின் எல்லையும் முன்னிலைப் பெயரும்

தஸ்தயேவ்ஸ்கியின் ‘வெண்ணிற இரவுகள்’ 1848ஆம் ஆண்டின் இறுதியில் பீட்டர்ஸ்பர்க் இதழொன்றில் வெளிவந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் ஆசிரியர் கைது செய்யப்பட்டார். சிறைக்கும் சைபீரியாவுக்கும் முற்பட்ட அவருடைய எழுத்துகளுள் தமிழ் வாசகர் மிகுதியாக விரும்பிப் படித்தது இக்குறுநாவலே எனலாம். மாஸ்கோ பதிப்பகங்களின் வழியாகத் தமிழுக்கு வந்த ருசியப் படைப்புகளுள் பலவற்றை இன்று தேடித்தான் பிடிக்க வேண்டியுள்ளது. இதுவோ மீண்டும் மீண்டும் அச்சேறுகிறது. 2003இல் எஸ். பி. ஜனநாதன் இயக்கிய ‘இயற்கை’ திரைப்படமும் இக்கதையைத் தழுவியதே. ஆயினும் இதனைக் குறித்துத் தமிழில் எழுதப்பட்டவற்றுள் பெரும்பாலானவை காதல் தோல்வி, தனிமை, கண்ணீர் என்ற மூன்று சொற்களுக்குள் அடங்கிவிடுகின்றன. இக்கட்டுரை அவற்றை விடுத்து, இரு மனிதர் ஒருவரையொருவர் எவ்வாறு விளித்துக்கொள்கின்றனர் என்ற ஒரே வினாவை எடுத்துக்கொள்கிறது. வினா சிறியதாகத் தோன்றினும் கதையின் உயிர்நிலை அங்கேதான் உள்ளது என்பது என் கருத்து. இக்கருத்து எனக்கு ஒரு பிழையின் வழியாகவே கிட்டியது. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

கதை சுருக்கமானது. இருபத்தாறு வயதுடைய ஒருவன், பெயர் சொல்லப்படாதவன், எட்டு ஆண்டுகளாகப் பீட்டர்ஸ்பர்க்கில் வாழ்ந்தும் அறிமுகமானவர் ஒருவரேனும் இல்லாதவன். கோடையில் நகரத்தார் அனைவரும் புறநகர்க் கோடை வீடுகளுக்குப் புறப்பட்டுச் செல்ல, ஊரே தன்னைக் கைவிட்டதாக உணர்ந்து தெருத்தெருவாக அலைகிறான். ஓரிரவு கால்வாய்க் கரையில் அழுதுகொண்டு நிற்கும் பதினேழு வயதுப் பெண்ணைக் காண்கிறான். குடிவெறியில் ஒருவன் அவளைத் துரத்த, இவன் தடியுடன் இடைமறிக்கிறான். காதலிக்கக் கூடாது, நட்பு மட்டுமே என்ற நிபந்தனையின்மேல் அடுத்த இரவும் சந்திக்க அவள் இசைகிறாள். ஓராண்டிற்கு முன் மாஸ்கோ சென்ற, தன் வீட்டில் குடியிருந்த ஒருவனுக்காக அவள் காத்திருக்கிறாள். நான்கு இரவுகளில் இவன் அவளுடைய கடிதத்தைச் சுமந்து செல்பவனாகவும், ஆறுதல் கூறுபவனாகவும், கடைசியில் சில நிமிடங்களுக்கு மட்டும் அவளை மணக்கப்போகிறவனாகவும் ஆகிறான். காத்திருந்தவன் வந்ததும் அவள் ஓடிவிடுகிறாள்.

இரவு என்ற சொல்

முதலில் தலைப்பைப் பற்றிச் சில சொற்கள். பீட்டர்ஸ்பர்க் ஏறத்தாழ அறுபது பாகை வடக்கில் உள்ளது. சூன் திங்களின் பிற்பகுதியில் அங்குச் சூரியன் நள்ளிரவிலும் தொடுவானத்திற்குக் கீழே ஏழு பாகைக்கும் குறைவாகவே இறங்குகிறது. எனவே மாலை ஒளியும் விடியல் ஒளியும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ள, இடையில் இருள் என்பது ஏறக்குறைய இல்லாமற் போகிறது. ஞாயிறு மறைந்து அரைமணிக்குள் இருள் கவியும் நாட்டில் வாழும் நமக்கு இது எளிதில் மனத்தில் பதிவதில்லை. ‘வெண்ணிற இரவு’ என்றதும் தமிழ் வாசகர் மனத்தில் எழுவது நிலவு. முதுகலை மாணவர்களிடம் இத்தலைப்பை மட்டும் தந்து எழுதச் சொன்னால், பத்தில் ஏழெட்டுப் பேர் முழுநிலவையே எழுதுவர். பல ஆண்டுகள் கண்ட அனுபவம் இது. சொல்லுக்குச் சொல் சரியாக இருந்தும் பொருள் தவறாகச் சென்றடையும் மொழிபெயர்ப்பிற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை. ஆயினும் தலைப்பை மாற்ற வேண்டும் என்று நான் கூறமாட்டேன். அது தமிழில் வேரூன்றிவிட்டது. முன்னுரையில் ஒரு பத்தி போதும்.

இதனினும் நுட்பமானது வேறொன்று. நம் மரபில் இரவு என்பது பிரிக்கப்பட்ட பொழுது. மாலை, யாமம், வைகறை என்று சிறுபொழுதுகள் எல்லைகளுடன் அமைகின்றன. யாமம் குறிஞ்சிக்கு உரியது. இரவுக்குறியில் தலைவன் வந்து வைகறைக்குள் நீங்க வேண்டும். இருள் மறைக்கும் என்பதே அச்சந்திப்பின் அடிப்படை. தஸ்தயேவ்ஸ்கியின் இரவிலோ மறைவு இல்லை. இரவு பத்து மணிக்குப் பொது இருக்கையில், எவரும் காணக்கூடிய ஒளியில், ஒரு பெண்ணும் ஓர் ஆணும் அமர்ந்து பேசுகின்றனர். அவர்களுக்குக் காவலாக நிற்பது மொழி வகுத்த எல்லை ஒன்றே. இரவு நகரத்தில் தன்னை இழத்தல் என்றால் மதுக்கடையும் கேளிக்கையும் நம் நினைவிற்கு வரும். இக்கதையில் அவை எதுவும் இல்லை. கூட்டம் நீங்கிய நகரத்தில், தெருக்களையும் வீடுகளையும் நண்பர்களாக எண்ணிப் பேசும் ஒருவன் தன்னை இழக்கிறான். தனக்கு வேண்டிய இளஞ்சிவப்பு வீடொன்றிற்கு மஞ்சள் வண்ணம் பூசிவிட்டனர் என்று அவன் கொள்ளும் துயரம் நகைப்பிற்குரியது போல் எழுதப்பட்டிருந்தாலும், மனிதரோடு அவன் கொள்ளப்போகும் உறவின் அளவுகோல் அதுவே. சுவரின் நிற மாற்றத்திற்கே நோய்கொள்பவன் ஒரு குரலின் மாற்றத்தை எவ்வாறு தாங்குவான்?

‘தி’யும் ‘வி’யும்

ருசிய மொழியில் முன்னிலைக்கு இரு பெயர்கள் உண்டு. தமிழ் எழுத்தில் தோராயமாக ‘தி’ என்றும் ‘வி’ என்றும் எழுதலாம். முன்னது ஒருமை, பின்னது பன்மை, மதிப்பு ஒருமைக்கும் வருவது. பிரவுன், கில்மன் ஆகிய இருவரும் 1960இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை, ஐரோப்பிய மொழிகளின் இத்தகைய இணைகளை அதிகாரம், நெருக்கம் என்னும் இரு அச்சுகளில் விளக்கியது. பால் ஃபிரீட்ரிக் 1966இல் பத்தொன்பதாம் நூற்றாண்டு ருசிய நாவல்களையே தரவாகக் கொண்டு, ஒரு பெயரிலிருந்து மற்றொன்றிற்குத் தாவும் கணங்களை ஆராய்ந்தார். தாவல் நிகழும் இடத்தில்தான் உறவு பேசுகிறது என்பதை அவ்வாய்வு நன்கு காட்டிற்று.

‘வெண்ணிற இரவுக’ளின் உரையாடல்களில் இருவரும் ஒருவரையொருவர் ‘வி’ என்றே விளிக்கின்றனர். முதல் இரவிலும் ‘வி’. அவன் தன் வாழ்க்கை முழுவதையும் கொட்டித் தீர்க்கும் இரண்டாம் இரவிலும் ‘வி’. நான்காம் இரவில் அவன் காதலை வெளியிடும்போதும் ‘வி’. அவள் இசைந்து, தங்கள் வீட்டு மாடி அறைக்குக் குடிவந்துவிடுமாறு கூறும்போதும் ‘வி’. மறுநாள் காலை வரும் மன்னிப்புக் கடிதத்திலும் அதுவே. இச்சமச்சீர் தற்செயலானதன்று. அவள் வகுத்த நிபந்தனையின் இலக்கண வடிவம் அது.

அதே வேளையில் அவன் அவளை நாஸ்தென்கா என்று அழைக்கிறான். அனஸ்தாசியா என்ற பெயரின் செல்லக் குறுக்கம் இது. ருசியத்தில் மதிப்பு விளி என்பது இயற்பெயரோடு தந்தைவழிப் பெயரும் சேர்ந்தது. முதல் இரவில் அவள் தன் பெயரைக் கூறியதும் அவன் அவ்வளவுதானா என்று வினவ, அது போதாதா என்று அவள் கடிந்துகொள்கிறாள். இந்தச் சிறு பேச்சில் உள்ள நுட்பம் தமிழில் மறைந்துவிடுகிறது. தந்தைவழிப் பெயரைத் தராமல் வீட்டார் அழைக்கும் பெயரை மட்டும் ஓர் அயலானுக்குத் தருகிறாள். ஆனால் ‘வி’யை விடவில்லை. பெயரால் அருகில் அழைத்துப் பிரதிப்பெயரால் தொலைவில் நிறுத்துகிறாள். அருகும் தொலைவும் ஒரே தொடரில் இணைந்து நிற்கும் இந்நிலையே அவனைப் பித்தனாக்குகிறது என்று கூறினால் மிகையாகாது.

இனி மற்றவனைக் காண்போம். ஓராண்டிற்கு முன் மாஸ்கோவுக்குப் புறப்பட்ட இரவில், திருமணம் செய்யும் நிலை தனக்கு இப்போது இல்லை என்று கூறும் குடியிருப்பாளனும் அவளை ‘வி’ என்றே அழைக்கிறான். அவள் அவனுக்கு எழுதும் கடிதமும் ‘வி’யில் அமைந்ததே. நான்காம் இரவின் முடிவில் அவன் தெருவில் அவளைக் கண்டதும் வாயிலிருந்து வருவது அவளுடைய பெயர் இருமுறையும் ஒரு ‘தி’யும் மட்டுமே. நான்கு இரவுகள் பேசிப் பேசி மற்றவன் அடையாததை இவன் ஓரெழுத்தில் எடுத்துக்கொள்கிறான். அவள் கை நழுவிப் பறந்துவிடுகிறாள். தஸ்தயேவ்ஸ்கி இங்கு விளக்கம் எதுவும் தரவில்லை. ருசிய வாசகருக்கு அது தேவையில்லை.

கடைசியாக, கதையின் இறுதிப் பத்திகள். எல்லாம் முடிந்த காலையில், மழை பெய்யும் சன்னலருகே, பதினைந்து ஆண்டுகளுக்குப் பிந்தைய தன்னை அதே அறையில் அதே வேலைக்காரியோடு கண்டு நடுங்கும் அவன், அங்கு இல்லாத அவளை நோக்கி வாழ்த்துக் கூறுகிறான். அவ்வாழ்த்தில் ‘தி’ வருகிறது. அதனோடு மற்றொன்றும் வருகிறது. ருசியத்தில் இறந்தகால வினை ஒருமையில் பால் காட்டும்; பன்மையில் காட்டாது. ‘வி’ என விளிக்கும்வரை முன்னிலை வினை பன்மை ஈறு பெறுவதால், அவளை நோக்கிய இறந்தகால வினைகளில் அவள் பெண் என்பது தெரிவதில்லை. ‘தி’யாக மாறியதும் அவள் கொடுத்ததும், கூந்தலில் மலர் சூடியதும் பெண்பால் ஈற்றோடு வெளிப்படுகின்றன. அதாவது நான்கு இரவுகளின் உரையாடல்களில் இலக்கணத்தின் மறைவில் இருந்த பெண்மை, இவ்வாழ்த்தில் அவன் வாக்கியத்துள் நுழைகிறது.

தமிழின் இடர்

இவ்விடத்தில் என் பிழையைக் கூற வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் பயிற்சிக்காக இக்கதையை மூலத்திலிருந்து தமிழாக்கத் தொடங்கினேன். முதல் இரவில் அவன் அவளை ‘நீங்கள்’ என்கிறான். இரண்டாம் இரவில், அவள் தன் பாட்டியைப் பற்றிக் கூறத் தொடங்கியதும், என் பேனா தானாகவே ‘நீ’க்கு மாறிவிட்டது. கண் தெரியாத பாட்டி அவளுடைய ஆடையைத் தன் ஆடையோடு ஊசியால் பிணைத்து வைத்திருந்ததையும், அவள் காது கேளாத வேலைக்காரியைத் தன் இடத்தில் அமர்த்திவிட்டு நழுவியதையும் கேட்டுச் சிரிக்கும் ஒருவன், பதினேழு வயதுப் பெண்ணை ‘நீங்கள்’ என்று அழைப்பது தமிழ்க் காதிற்குச் செயற்கையாக ஒலித்தது. அவள் மட்டும் அவனை ‘நீங்கள்’ என்றே அழைத்தாள். முழுதும் முடித்து இறுதிப் பத்திக்கு வந்தபோது எனக்கு மாற்றுவதற்கு ஒன்றும் எஞ்சியிருக்கவில்லை. கையிலிருந்த ஒரே நாணயத்தை இரண்டாம் இரவிலேயே செலவழித்துவிட்டிருந்தேன்.

பிழை அதனோடு நிற்கவில்லை. ஆண் ‘நீ’ என்பதும் பெண் ‘நீங்கள்’ என்பதும் தமிழில் எந்த உறவின் வடிவம்? நம் பெரும்பாலான இல்லங்களில் கணவன் மனைவியர் பேசிக்கொள்ளும் மரபு வடிவம் அதுவே. எனவே இயல்பான தமிழ் என்று நான் எண்ணி எழுதியது, நட்பு என்ற நிபந்தனையின்மேல் அமர்ந்திருந்த இருவரை இரண்டாம் இரவிலேயே மணவாழ்க்கையின் இலக்கணத்திற்குள் தள்ளிவிட்டது. கதை முழுதும் எதற்காக ஏங்கி, எதனை அடையாமல் அவன் அழிகிறானோ அதனை மொழிபெயர்ப்பாளனாகிய நான் அவனுக்கு இலவசமாக அளித்திருந்தேன். மொழிபெயர்ப்பு வகுப்புகளில் இலக்குமொழியின் இயல்பு என்பதை இறுதி அளவுகோலாக வைத்துக் கற்பிக்கிறோம். நானும் அவ்வாறே கற்பித்தவன். இக்கதையைப் பொறுத்தவரை அவ்வளவுகோல் தவறானது. அவன் வாயில் ‘நீங்கள்’ செயற்கையாக ஒலிக்கத்தான் வேண்டும். அச்செயற்கைதான் அவள் இட்ட வேலி.

‘நீர்’ என்ற இடைப்பட்ட வடிவத்தைப் பயன்படுத்தலாமே என நண்பர் ஒருவர் வினவினார். தென்மாவட்டப் பேச்சில் அது இன்னும் உயிருடன் உள்ளது உண்மையே. ஆனால் இளம்பெண்ணை நோக்கி ‘நீர்’ என்பதில் அதிகாரத்தின் அல்லது கேலியின் சாயல் படிந்துவிடும். மேலும் ‘நீங்கள்’, ‘நீ’ என்ற இரண்டிற்கும் இடையில் படிக்கட்டு அமைத்தால் தாவலின் வேகம் குறையும். ஒருவரைப் பன்மையால் கூறுவது வழக்கில் வரும் உயர்சொல்லேயன்றி இலக்கண நெறியாகாது என்பதைத் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் குறித்துள்ளார். அந்த உயர்சொல்லுக்கே ‘நீங்கள்’ என்னும் தனி வடிவம் வாய்த்துவிட்ட இக்காலத் தமிழில், ருசிய இணைக்கு நேர் இணை கைவசம் இருக்க, மூன்றாவது ஒன்றைத் தேட வேண்டியதில்லை.

இறுதி வாழ்த்தில் வேறொரு பொறி உள்ளது. மூலத்தில் அது திருச்சபை வழக்கின் சாயல் கொண்ட வாழ்த்து வடிவத்தில் அமைந்துள்ளது. தமிழில் இதற்கு இயல்பாக வருவது வியங்கோள். ஆனால் ‘வாழ்க’, ‘ஆகுக’ என்னும் வியங்கோள் ஈறு இடமும் எண்ணும் பாலும் காட்டாது. ‘நீ வாழ்க’, ‘நீங்கள் வாழ்க’ இரண்டிற்கும் வினை ஒன்றே. ருசியத்தில் பால் வெளிப்படும் இடத்தில் தமிழில் எதுவும் வெளிப்படாது. ‘கொடுத்தாய்’ என்னும் முன்னிலை முற்றிலும் பால் இல்லை. சுமை முழுவதும் ‘உன்’ என்ற ஒரு வேற்றுமை வடிவத்தின்மேல் விழுகிறது. எனவே ‘உன் வானம்’, ‘உன் புன்னகை’ எனத் தயங்காது திரும்பத் திரும்ப எழுத வேண்டும். நடை அழகிற்காக ஒன்றையேனும் நீக்கினால் இழப்பு பெரிது.

இறுதியில் வரும் ‘தி’ நெருக்கத்தின் ‘தி’யா, வழிபாட்டின் ‘தி’யா என்ற வினாவையும் எழுப்பலாம். ருசியத்திலும் இறைவன் ‘தி’யே; தமிழில் பக்திப் பாடல்கள் இறைவனை ‘நீ’ என்பதை விளக்க வேண்டியதில்லை. இல்லாதவரை, இறந்தவரை, இறைவனை ஒருமையில் அழைக்கும் வழக்கம் இரு மொழிக்கும் பொது. அவன் அவளை நெருங்கிவிட்டான் என்று நான் கொள்ளவில்லை. மறுமொழி கூற இயலாத இடத்திற்கு அவள் சென்றுவிட்டாள், அதனால் ‘தி’ எளிதாயிற்று என்றே கொள்கிறேன். இவ்வகையில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் பேறு பெற்றவர். நம் ‘நீ’யிலும் இவ்விரு பொருளும் உண்டு.

புத்தகம் போலப் பேசுபவன்

இரண்டாம் இரவில் அவன் தன்னைப் பற்றிப் படர்க்கையில், ஒரு கதைமாந்தனைப் பற்றிக் கூறுவது போல் நெடுநேரம் பேசுகிறான். நாஸ்தென்கா குறுக்கிட்டு, அழகாகத்தான் பேசுகிறீர்கள், ஆனால் புத்தகம் வாசிப்பது போல் உள்ளது, சற்று அழகு குறைவாகப் பேசக் கூடாதா என்னும் பொருள்படக் கேட்கிறாள். சோவியத் காலத் தமிழாக்கங்கள் பொதுவாக உரையாடல்களையும் எழுத்துத் தமிழிலேயே அமைத்தன. அந்நெறியில் இருவரும் ஒரே நடையில் பேசுவதால் அவளுடைய முறையீடு பொருளற்றதாகிறது. அவளும்தான் புத்தகம் போலப் பேசுகிறாள்! ஃபெர்குசன் 1959இல் விளக்கிய இரட்டை வழக்கு ருசியத்தில் அவ்வகையில் இல்லை. தமிழிலோ ஆழமாக உள்ளது. நமக்குக் குறையாகக் கருதப்படுவது இங்குக் கருவியாகிறது. அவன் பேச்சை எழுத்து வழக்கிலும் அவள் பேச்சைப் பொதுப் பேச்சு வழக்கிலும் அமைத்தால், மூலத்தில் உள்ள வேறுபாடு தமிழில் இன்னும் கூர்மையாகவே விளங்கும். வட்டாரமோ சாதியோ தெரியும் பேச்சைத் தவிர்க்க வேண்டும் என்பது வெளிப்படை.

தொல்காப்பியம் கூறும் கைக்கிளையோடு இவனை ஒப்பிடத் தமிழ்த் திறனாய்வாளர்க்கு ஆவல் எழுவது இயல்பு. சொல்லுக்கு எதிர்ச்சொல் பெறாமலேயே சொல்லி இன்புறுபவனாக அங்குத் தலைவன் காட்டப்படுகிறான். சொல்லி இன்புறுதல் என்ற பகுதி இவனுக்கு வியப்பூட்டும் அளவிற்குப் பொருந்துகிறது. ஆனால் முதற்பகுதி பொருந்தவில்லை. இவனுக்கு எதிர்ச்சொல் கிடைக்கிறது, மிகுதியாகவே கிடைக்கிறது. அவள் கேட்கிறாள், சிரிக்கிறாள், அழுகிறாள், தன் கதையைச் சொல்கிறாள். அவளுடைய கடிதம் அவனை என்றும் நண்பனாகவும் உடன்பிறந்தானாகவும் இருக்கக் கோருகிறது. உடன்பிறப்பு என்ற சொல் தமிழில் கதவை அடைத்துத் தாழிடுவது. ருசியத்தில் அவ்வளவு வன்மை இல்லை. நண்பன் என்பதற்கு அங்கு வரும் ‘துரூக்’ என்ற சொல் ஆண்பால் வடிவினதாயினும் பெண்ணுக்கும் வழங்குவது, நண்பர் முதல் வாழ்க்கைத் துணை வரை பரந்த பொருளுடையது. அப்பரப்பிலே அவன் நான்கு இரவுகள் வழி தவறி அலைந்தான் எனலாம். அவள் ஒரு பொருளில் சொன்னதை அவன் எல்லாப் பொருளிலும் கேட்டான். சந்திப்பு இல்லை என்று அறிந்திருந்தும் மழை நாளில் இரவு ஒன்பது மணிக்கு அறையில் இருப்புக் கொள்ளாமல் அந்த இருக்கைக்குச் சென்று அமர்கிறான். அவளுடைய தெரு வரை நடந்து, வெட்கமுற்று, சன்னல்களைப் பாராமலே திரும்புகிறான். அந்நடையில் அவனிடம் பேச எவரும் இல்லை, முன்னிலை என்ற இடமே இல்லை. கதையில் என்னை மிகவும் வருத்தும் பகுதி அது.

என் படியை இப்போது திருத்தி வருகிறேன். அவள் கூற்றுகளில் ‘நீங்கள்’ முன்பே இருந்ததால் அங்கு மாற்றம் தேவைப்படவில்லை. தமிழ்ப் பெண் மணம் பேசியவனையும் அவ்வாறே அழைப்பாள். அவன் கூற்றுகளில் இரண்டாம் இரவு முதல் எல்லா ‘நீ’யையும் ‘நீங்கள்’ ஆக்கிவிட்டேன். திரும்பி வந்தவனின் வாயில் ‘நீ’ உள்ளது. இறுதிப் பத்தியில் ‘உன்’ உள்ளது. எஞ்சியிருப்பது நான்காம் இரவில், அவள் இசைந்த பின்பு, இருவரும் வாடகையையும் மாடி அறையையும் பற்றிச் சிரித்தும் அழுதும் பேசிக்கொண்டு தெருவில் மேலும் கீழும் நடக்கும் சில நிமிடங்கள். அங்கும் மூலத்தில் அவன் ‘வி’யை விடவில்லை. அந்தப் பக்கத்தில் மட்டும் என் கை இன்னும் ‘நீ’ என்றே எழுதுகிறது. அடித்துவிட்டு மீண்டும் எழுத வேண்டியுள்ளது.